வார்ப்பிரும்புக் கணப்படுப்பின் விரிசலும் அதனைச் செப்பனிட்ட முறைகளும்

1. முன்னுரை

கைத்தொழில் வரலாறு எழுதப் புகுவோர், ஒரு பொருளை முதலில் ஆக்கியவர் யார், எந்நாட்டில் ஆக்கினார், எவ்வாண்டில் ஆக்கினார் என்னும் வினாக்களுக்கே பெரிதும் விடை காண முயல்வர். ஆக்கிய பொருள் பிளவுற்றபின் அதனைச் செப்பனிட்டவர் யார், எம்முறையாற் செப்பனிட்டார் என்னும் வினா எழுவது அரிது. இதற்குக் காரணமும் உண்டு. ஆக்கியவர் தம் பெயரையும் ஆண்டையும் பொருளின்மீதே பொறித்துச் சென்றனர். செப்பனிட்டவர் தழும்பு ஒன்றையே விட்டுச் சென்றனர். பெயர் படித்தற்கு எளிது; தழும்பு அவ்வாறன்று.

விறகெரிக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற பொருளாகும். குளிர்நாட்டில் அது சமையலுக்கு மட்டும் உரியதன்று. கூதிரும் பனியும் மிக்க திங்கள்களில் குடும்பத்தின் உயிரைக் காப்பது. அஃது எளிதில் விரிசலுறும் இயல்பினது. விரிசல் வழியே புகையும், கண்ணுக்குப் புலனாகாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியும் அறையுட் புகக்கூடும். ஆதலின் அதனைச் செப்பனிடும் தொழில் உயிரோடு தொடர்புடையதாயிற்று.

செப்பனிடும் முறைகள் பலவாயினும் அவற்றை அடைத்தல், பிணைத்தல், உருக்கியிணைத்தல் என மூன்றாக வகுக்கலாம். இம்மூன்றனுள்ளும் நிலைபெற்றவை, இரும்பு வெப்பத்தால் விரிந்து சுருங்குதற்கு இடம் அளித்தவையே என்பதும், இதனை உணர்ந்தால் பழைய அடுப்புத் தகடுகளிலுள்ள தழும்புகளை வரலாற்றுச் சான்றாகப் படித்தல் கூடும் என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்பெறும்.

முதற்கண் சொற்களைத் தெளிந்துகொள்ளல் நலம். தீக்காய்தற்குரிய நெருப்பினைக் கணப்பு என்பது தமிழ் வழக்கு. நெடுநல்வாடை கூதிர்க்காலத்தில் தீயிட்டு வைக்கும் கலத்தைத் தடவு என்னும் சொல்லாற் குறிக்கின்றது. ஆகவே அறையை வெப்பமூட்டும் இவ்வடுப்பினை ஈண்டுக் கணப்படுப்பு என வழங்குவோம். உருகிய உலோகத்தை வார்த்துப் பெறுவது வார்ப்பு. உலோகத்துண்டுகளைத் தம்முள் ஒட்டவைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. இச்சொற்களே இவ்வாராய்ச்சிக்குப் போதுமானவை.

2. கணப்படுப்பின் வளர்ச்சி

வார்ப்பிரும்பினைச் சீனர் கி. மு. 5ஆம் நூற்றாண்டளவிலேயே அறிந்திருந்தனர். ஐரோப்பாவில் ஊதுலைகள் பெருகிய 15, 16ஆம் நூற்றாண்டுகளிலேதான் வார்த்த தகடுகளால் அடுப்பமைக்கும் வழக்கம் பரவிற்று. மரப்பலகையிற் செதுக்கிய உருவத்தை ஈரமணலில் அழுத்தி எடுத்து, அக்குழிவில் உருகிய இரும்பைப் பாய்ச்சினர். மணற்குழி மேற்புறம் திறந்திருந்தமையால் தகட்டின் ஒருபுறம் உருவங்களும் எழுத்துகளும் கொண்டும், மறுபுறம் கரடாகவும் அமைந்தது.

18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் குடியேறிய செருமானிய மக்கள் இவ்வடுப்பினைத் தம் புதிய நாட்டிலும் வார்த்தனர். அவர்தம் பழைய அடுப்பு ஐந்து தகடுகளால் ஆயது: மேல், கீழ், இருபக்கம், முகப்பு என்பன அவை. ஆறாவது பக்கம் சுவரினுட் பொருந்தியிருந்தது. அடுத்த அறையின் சமையல் தீக்குழியிலிருந்தே இதனுள் நெருப்பிடுவர்; புகையும் அவ்வழியே மீளும். பின்னர்த் தனிக்கதவும் புகைபோக்கியும் உடைய ஆறுதகட்டு அடுப்பும், உள்ளே சூளையறை அமைந்த பத்துத்தகட்டு அடுப்பும் வழக்கிற்கு வந்தன. இதற்கிடையே பெஞ்சமின் பிராங்க்ளின் தாம் வகுத்த புதுவகைத் தீயறையைப் பற்றி 1744இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதன் தகடுகளை அவர்தம் நண்பர் இராபர்ட் கிரேசு என்பார் தம் உலையில் வார்த்தளித்தார்.

19ஆம் நூற்றாண்டில் வார்ப்புத் தொழில் பெருகியது. 1825இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டபின் நியூயார்க்கு மாநிலத்து ஆல்பனி, டிராய் ஆகிய நகர்கள் அடுப்பு வார்க்கும் பெருநிலையங்களாயின. தகடுகள் மெல்லியவாயின, அணிவேலை மிகுந்தது, விலை குறைந்தது. இம்மெலிவே பின்னர் விரிசல் மிகுதற்கும் காரணமாயிற்று.

3. விரிசல் தோன்றும் காரணம்

வார்ப்பிரும்பில் கார்பன் ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு வரை உண்டு. தூய இரும்பு 1538 செண்டிகிரேடு பாகையில் உருகும். வார்ப்பிரும்போ 1150 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும். வார்த்தற்கு எளிதாதல் இதனாலேயே. ஆயின் அக்கார்பனின் பெரும்பகுதி, மெல்லிய கிராபைட்டுத் தகடுகளாகி உலோகத்தினுள் எங்கும் பரவிக் கிடக்கின்றது. ஒவ்வொரு கிராபைட்டுத் தகடும் ஓர் உட்பிளவு போன்றது. ஆதலின் வார்ப்பிரும்பு அமுக்குவிசையை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் இடங்கொடுத்துவிடும். அமுக்குதலைத் தாங்கும் வலிமை, இழுத்தலைத் தாங்கும் வலிமையினும் மூன்று நான்கு மடங்கு மிகுதி.

அடுப்பில் இவ்விழுவிசை எங்ஙனம் தோன்றுகின்றது? 60 செண்டிமீட்டர் நீளமுள்ள தகடு 400 பாகை வெப்பம் ஏறுமாயின் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளும். தகடு முழுதும் ஒருங்கே நீளுமாயின் தீங்கில்லை. தீயை அடுத்த நடுப்பகுதி நீள, மரையாணியால் இறுகப் பிணிக்கப்பட்ட குளிர்ந்த விளிம்பு நீளாது நிற்குமாயின், விளிம்பு இழுக்கப்பட்டுப் பிளக்கும். குளிர்ந்த அடுப்பில் திடீரெனப் பெருந்தீ மூட்டுவதும், சூடேறிய தகட்டின்மேல் நீர் சிந்துவதும் இதனாலேயே கேடு பயக்கின்றன. மெல்லிய தகட்டின் நுண்ணிய அணிவேலையுள்ளும் இரும்பு ஓடிப் பரவுதற்பொருட்டுப் பாசுவரம் மிகுந்த இரும்பை வார்ப்போர் தேர்ந்தனர். அப்பாசுவரமே தகட்டினை மேலும் நொறுங்குந்தன்மையது ஆக்கிற்று.

இன்னுமொரு காரணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் ஆராயப்பட்டது. வார்ப்பிரும்பு பலமுறை மிகுவெப்பம் ஏறிக் குளிர்ந்தால் பழைய அளவிற்கு மீளாது நிலையாகப் பெருத்துவிடும். பிலடெல்பியாவில் அவுட்டர்பிரிட்சும், பின்னர் 1909இல் இங்கிலாந்தில் இரகனும் கார்ப்பெண்டரும் இதனை அளந்து வெளியிட்டனர். இரும்போடு கூடிய கார்பன் பிரிந்து கிராபைட்டாதலும், வெப்பவளி கிராபைட்டுத் தகடுகளின் வழியே உட்புகுந்து இரும்பைத் துருவாக்குதலும் இப்பெருக்கத்திற்குக் காரணம். ஆதலின் பழைய அடுப்பின் பிளந்த இரு விளிம்புகளும் மீளப் பொருந்தாமை வியப்பன்று. விரிசலை மட்டும் கண்டு, தகடு பெருத்திருத்தலைக் காணாத செப்பனிடுவோன் தன் உழைப்பை இழப்பான்.

4. அடைத்தல்

மூவகையுள்ளும் எளியது அடைத்தல். இதற்கு நெருப்பும் உலையும் வேண்டா. 19ஆம் நூற்றாண்டு இல்லறக் குறிப்பு நூல்களில், விறகுச்சாம்பலையும் உப்பையும் நீரிற் குழைத்து விரிசலிற் பூசும் முறை காணப்படுகின்றது. இது புகையைச் சில நாள் தடுக்கும், பின்னர் உதிரும், மீண்டும் பூசவேண்டும். எளியோர் இல்லத்தில் குளிர்காலத்தைக் கழித்தற்கு இதுவே போதியதாயிற்று.

பட்டறையோர் கையாண்டது துருப்பற்று ஆகும். இரும்பரத்தூளோடு நவச்சாரமும் ஒரோவழிச் சிறிது கந்தகமும் சேர்த்து ஈரமாக்கி விரிசலில் இறுக அடித்துச் செறிப்பர். நவச்சாரம் இரும்பை விரைவில் துருவேறச் செய்யும். துருவானது இரும்பினும் பருமனில் மிக்கதாதலின், தூள் பருத்து விரிசலின் இருமருங்கும் இறுகிக்கொள்ளும். இரும்பிற்குப் பகையெனக் கருதப்படும் துரு, ஈண்டு இரும்பை அடைக்கும் பற்றாசாகப் பயன்பட்டது.

செருமானிய வேதியலறிஞர் யோகான் நெபோமுக் பான் பூக்சு 1825இல் நீர்க்கண்ணாடி என்னும் சிலிகேட்டுக் கரைசலைப் பற்றி வெளியிட்டார். இக்காலத்துக் கடைகளில் உலைப்பற்று என விற்கப்படுவனவற்றுட் பல இக்கரைசலோடு களிமண் முதலியன கலந்தவையே. இவை மிகுவெப்பத்தைத் தாங்கும். எனினும் இழுவிசையைத் தாங்கும் வலிமை இவற்றிற்கு இல்லை. தகடுகள் பொருந்தும் மூட்டுகளுக்கும் மயிரிழை விரிசலுக்கும் அடைத்தல் ஏற்றது. அகன்று வளரும் பிளவுக்கு ஏற்றதன்று.

5. பிணைத்தல்

இரண்டாவது முறை, விரிசலின் இருமருங்கையும் வேறோர் இரும்பால் பிணைப்பது. விரிசலின்மேல் தேனிரும்புத் தகடொன்றை வைத்துத் துளையிட்டு மரையாணியால் முடுக்குவர். இடையே அடைபற்று இடுவர். பழைய அடுப்புகளின் பக்கத் தகட்டில் நான்கோ ஆறோ ஆணித்தலைகள் ஒரு சதுரமாக நிற்பது இத்தொழிலின் அடையாளம். இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒட்டுத்தகட்டின் துளைகளை ஆணியினும் சற்றுப் பெரியனவாக அமைத்து, ஆணியை அளவறிந்து முடுக்கினால் இருதகடும் தனித்தனியே விரிந்து சுருங்கும். துளை இறுகி ஆணியும் இறுகுமாயின், பழைய விரிசல் நின்றுவிடும். ஆணித்துளையிலிருந்து புதிய விரிசல் தோன்றும்.

விரிசலின் நுனியிற் சிறுதுளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்துவதும் கைவினைஞர் முறை. உலோகத்தைக் குறைத்து உலோகத்தைக் காத்தல் முரணாகத் தோன்றும். 1913இல் இங்கிலிசு என்னும் பொறியியலறிஞர் இதன் உண்மையைக் கணக்கால் விளக்கினார். கூரிய நுனியில் விசை பன்மடங்கு செறிகின்றது. நுனி வட்டமாயின் அச்செறிவு தளர்கின்றது. 1921இல் கிரிபித்து என்பார் விரிசல் வளர்ச்சிக்குரிய ஆற்றலைக் கணித்தார். அவ்விரு கணக்குகளும் பட்டறைத் துளையின் பயனை அறிவியல்முறையில் உறுதிப்படுத்தின.

1930களில் டெக்சாசு எண்ணெய் வயல்களில் இப்பிணைத்தல் புத்துருப் பெற்றது. எரிவளி நிறைந்த அவ்விடங்களில் தீயாற் பற்றவைத்தல் இடர் மிக்கது. ஆதலின் விரிசலுக்குக் குறுக்கே பள்ளங்கள் செதுக்கி, அவற்றில் உலோகப் பூட்டுகளை அடித்துச் செறித்து, விரிசல்வழியே மரையாணிகளை ஒன்றையொன்று கவ்வுமாறு இறக்கித் தைக்கும் முறை வளர்ந்தது. வெப்பம் ஊட்டப்படாமையால் இதிற் புதிய இழுவிசை பிறப்பதில்லை.

6. உருக்கியிணைத்தல்

மூன்றாவது முறை, உருகிய உலோகத்தாலேயே பிளவை நிரப்புவது. இதன் தொன்மையான வடிவம் சீன நாட்டிற் காணப்பட்டது. தெருத்தெருவாகச் செல்லும் கைவினைஞர் மெல்லிய வார்ப்பிரும்புச் சட்டிகளைச் செப்பனிட்ட முறையை ஐரோப்பியப் பயணிகள் கண்டு எழுதியுள்ளனர். அவர் கொண்டு செல்வன ஒரு சிற்றுலை, ஒரு துருத்தி, விரற்பூண் அளவே ஆன மூசை ஆகியன. உடைந்த வார்ப்பிரும்புத் துணுக்கை மூசையில் உருக்கி, சாம்பல் பரப்பிய கம்பளித் துண்டின்மேல் அத்துளியை ஏற்று, சட்டியின் உட்புறத்திலிருந்து துளைக்கு நேரே அழுத்துவர். மறுபுறம் பிதுங்கும் இரும்பை மற்றொரு கம்பளிச் சுருளால் அழுத்திச் சமனாக்குவர். விரிசல் நீண்டதாயின் துளிமேல் துளியாக இவ்வாறே தொடர்வர். இடுந்துளி சிறிதாதலின் சட்டிக்கு ஏறும் வெப்பமும் சிறிது. புதிய விரிசலுக்கு இடமில்லை.

மேலைநாட்டில் 1895இல் இலெ சாட்டலியே ஆக்சிசன் - அசிட்டிலீன் தீயின் பெருவெப்பத்தை எடுத்துக்காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டில் அத்தீயை அடக்கியாளும் ஊதுகுழல் அமைந்தது. தொடக்கத்தில் பற்றவைத்தோர் பலர், விரிசல் இணைந்த சிறிதுநேரத்தில் அதன் அருகே மற்றொரு விரிசல் ஒலியோடு பிளக்கக் கண்டனர். காரணம் மேலே கூறியதே. தீக்குழல் பட்ட இடம் விரியவும், குளிர்ந்த சுற்றுப்பகுதி அதனைத் தடுத்தது. அன்றியும், விரைந்து குளிர்ந்த வார்ப்பிரும்பில் கார்பன் கிராபைட்டாகப் பிரிதற்கு நேரம் பெறாமையின், அவ்விடம் கண்ணாடிபோற் கடினமாகி நொறுங்கும். ஆதலின் தகடு முழுவதையும் கரிப்படுக்கையில் இருத்தி 600 பாகை அளவிற்குச் சூடேற்றி, சிலிக்கன் மிகுந்த வார்ப்பிரும்புக் கம்பியால் பற்றவைத்து, சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்துப் பலமணிநேரம் ஆறவிடும் முறை வகுக்கப்பட்டது. பித்தளைவகைக் கம்பியாலும் வெங்காரத்தாலும் பொருத்துவது இதனினும் எளிது. ஆனால் அது 900 பாகையை ஒட்டி உருகுவது. செவ்வொளி ஏறும் தீயறைத் தகட்டில் வலிமை குன்றும். பிற்காலத்து நிக்கல் கம்பி, கார்பனோடு கடினக் கூட்டுப்பொருள் ஆகாமையாலும் தானே வளைந்துகொடுத்தலாலும் மின்தீப் பற்றவைப்புக்கு உகந்ததாயிற்று.

பிளந்த வார்ப்பிரும்பைச் செப்பனிடல் இயலாது என்னும் எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி 1917இல் நிகழ்ந்தது. 1914 முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் தங்கியிருந்த செருமானியக் கப்பல்களின் வார்ப்பிரும்பு உருளைகளை அக்கப்பல்களின் மாலுமிகளே உடைத்துவிட்டனர். புதிய உருளைகள் வார்க்க நெடுங்காலம் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் உடைந்த விளிம்புகளைச் செதுக்கி, எஃகு ஆணிகளை வார்ப்பிரும்பினுள் மரையிட்டு இறக்கி, அவற்றின்மேல் ஒட்டுத்தகடுகளை மின்தீயால் பற்றவைத்தனர். சில மாதங்களில் அக்கப்பல்கள் கடலிற் சென்றன. இது பிணைத்தலும் உருக்கியிணைத்தலும் கூடிய முறை என்பது கருதத்தக்கது.

7. மாற்றுத்தகடும் சான்றின் மதிப்பும்

செப்பனிட இயலாத தகட்டிற்கு மாற்றுத்தகடு வார்ப்பதும் உண்டு. உடைந்த தகட்டையே மாதிரியாகக் கொண்டு மணலில் அழுத்தி வார்த்தால் ஒரு குறை நேரும். உருகிய இரும்பு இறுகிக் குளிர்கையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 1/8 அங்குலம் சுருங்கும். இரண்டடித் தகட்டின் படி கால் அங்குலம் குறையும். பழைய அடுப்பிற் பொருந்தாது. இதனை அறிந்த வார்ப்போர் மாதிரியின் விளிம்பைக் கூட்டி வார்ப்பர். அப்பொழுது புறவளவு பொருந்தும். உள்ளிருக்கும் உருவங்களும் எழுத்துகளும் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் சிறுத்தே நிற்கும்.

இவ்வுண்மை வரலாற்றாசிரியனுக்குக் கருவியாகின்றது. பென்சில்வேனியத் தகடுகளில் ஆதாமும் ஏவாளும், காயினும் ஆபேலும், கானாவூர்த் திருமணமும் போன்ற விவிலியக் காட்சிகளும் செருமானிய வாசகங்களும் உள்ளன. அவற்றைத் திரட்டி ஆராய்ந்தவர் ஹென்றி சாப்மன் மெர்சர் (1856 - 1930). அவர் 1914இல் வெளியிட்ட 'இரும்பில் விவிலியம்' என்னும் நூல் இத்துறைக்கு அடிப்படையாகும். ஒரே மரப்பலகையால் பல தகடுகள் வார்க்கப்பட்டமையால், ஒரு தகட்டிற் சிதைந்த வாசகத்தை மற்றொரு தகட்டால் நிரப்பலாம். ஏட்டுச்சுவடி பல ஒப்புநோக்கிப் பாடம் துணிதலோடு இம்முறை ஒக்கும். மூலப்பலகையால் வந்த தகட்டையும், தகட்டைப் படியெடுத்து வார்த்த தகட்டையும் வேறுபடுத்த வேண்டுமாயின், புறவிளிம்பை அளத்தல் பயன்தராது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அளத்தல் வேண்டும். நெடுங்காலம் தீயிற்பட்ட தகடு பெருத்திருக்கக்கூடும் ஆதலின், தீப்படாத பகுதியை அளந்து துணிவதே முறை.

மெர்சர் பழுதுற்றவற்றையும் தொகுத்தார். 1897 முதல் அவர் பிறர் கழித்த கைக்கருவிகளைத் திரட்டினார். 1916இல் தாயில்சுடவுன் நகரில் அவற்றிற்கெனக் காட்சிச்சாலை எழுப்பி முடித்தார். சீனநாட்டுக் கைத்தொழிற் கருவிகளை ஆராயுமாறு ருடால்பு ஓமெல் என்பாரை அனுப்பியவரும் இவரே. ஓமெலின் நூல் மெர்சர் மறைந்தபின் 1937இல் வெளிவந்தது. அடுப்புத் தகடும் சீனக் கைவினையும் ஒரே அறிஞரின் நாட்டத்துள் அடங்கியமை தற்செயலன்று; கருவியையும் கைப்பழக்கத்தையும் ஏட்டுச்சான்றோடு ஒப்ப மதித்த நோக்கு அவரது.

இந்நோக்கைக் கொண்டால் ஒரு கடமை பிறக்கின்றது. காட்சிச்சாலைக்கு வரும் பழைய அடுப்பின் விரிசலைத் தேய்த்துப் பூசி, தழும்பு தெரியாமல் மறைத்துவிடுவது இன்றும் நிகழக்கூடியது. அவ்வாறு செய்யின் துருப்பற்றும் ஆணிச்சதுரமும் அழியும். அவ்வடுப்பை ஒரு குடும்பம் எத்தனை முறை காத்துப் பயன்படுத்திற்று என்பதற்கிருந்த சான்றும் அழியும். மீண்டும் தீமூட்டற்குரிய அடுப்பினை உறுதியாகச் செப்பனிடுக. தீயறையின் புறத்தகட்டில் ஊடுருவிய பிளவுடைய அடுப்பினை அங்ஙனம் செப்பனிட்டுச் சோதிக்குமுன் மூட்டற்க. காட்சிக்கு மட்டும் உரிய அடுப்பிலோ தழும்பை அளந்து, படமெடுத்து, எம்முறையினது எனக் குறித்து, உள்ளவாறே விடுக.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வார்ப்பிரும்புக் கணப்படுப்பின் விரிசல், பெரும்பாலும் தடுக்கப்பட்ட விரிவினாலும் காலப்பெருக்கத்தினாலும் தோன்றுவது. அடைத்தல், பிணைத்தல், உருக்கியிணைத்தல் என்னும் மூவகையுள்ளும் உலோகத்தின் அசைவிற்கு இடம் தந்தனவே நிலைத்தன. சீனரின் சிறுதுளியும், பட்டறையோரின் பெருந்துளை ஆணியும், முழுத்தகட்டையும் சூடேற்றும் முறையும் இதில் ஒன்றுபடுகின்றன. ஒவ்வொரு முறையும் தனக்குரிய தழும்பை விடுதலின், அதனைப் படித்தறிந்து செப்பனிட்டவர் செயலை வரலாற்றில் ஏற்றல் கூடும்.

நம் நாட்டுக் கோயில் மடைப்பள்ளிகளிலும் பழைய இல்லங்களிலும் ஒட்டிட்ட கலங்கள் பல உள்ளன. அவற்றை ஆக்கிய காலத்தை ஆராய்வதோடு நில்லாமல், ஒட்டிட்ட முறையையும் காலத்தையும் குறித்து, அத்தொழிற்குரிய சொற்களைக் கைவினைஞர் வாயிலாகத் தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.